டொரண்டோவில் குளிர்காலம் வந்தாலே மனசு சோர்ந்துவிடுகிறது. லைட் தெரபி விளக்கு வாங்கினால் பலன் இருக்குமா, இல்லை காசுக்குக் கேடா?

பலன் இருக்கும். ஆனால் ஆன்லைனில் முதலில் கண்ணில் படுகிற கையகல விளக்கை வாங்கி மேசை மூலையில் வைத்தால் இருக்காது. "அதெல்லாம் ஏமாத்து வேலை" என்று கமெண்டில் சொல்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விளக்கு உங்கள் கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தது? பதில் வராது.

நீங்கள் எழுதியிருப்பது இது: அக்டோபர் கடைசியில் தொடங்குகிறது, பத்து மணிநேரம் தூங்கியும் அலுப்பு போகவில்லை, சோறும் இனிப்பும் கணக்கில்லாமல் உள்ளே போகின்றன, ஏப்ரலில் தானாகச் சரியாகிவிடுகிறது, இரண்டு வருடமாக இதே கதை. ஊரிலிருந்து வந்து ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ ஒரு பேஸ்மென்டில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். 1984-இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தால் குழு இதே அறிகுறிகளைப் பருவகால மனச்சோர்வு (SAD) என்று தனி நோயாக வரையறுத்து, விளக்கொளி சிகிச்சையையும் சேர்த்தே எழுதியது. சென்னையில் வருடத்தின் மிகச் சிறிய பகலே பதினொன்றேகால் மணிநேரத்துக்கு மேல். டொரண்டோவில் டிசம்பர் 21 அன்று சூரியன் எழவே 7.48 ஆகிறது, 4.43-க்கு மறைந்துவிடுகிறது. ஒன்பது மணிநேரம்கூட முழுசாக இல்லை.

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில நரம்புச் செல்கள் உண்டு. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்வதே அவற்றின் முக்கிய வேலை. அவை அசையப் பெரிய அளவு ஒளி வேண்டும். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள். வீட்டு விளக்கொளி பொதுவாக 100 முதல் 300 லக்ஸ், நல்ல ஆபீஸ் என்றால் 500. மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண்ணுக்கு எல்லாம் வெளிச்சமாகத்தான் தெரியும், ஏனென்றால் கண் பழகிக்கொள்ளும்.

சிகிச்சைக்கு நிலைபெற்ற அளவு 10,000 லக்ஸ், 30 நிமிடம். 5,000 லக்ஸ் என்றால் ஒரு மணிநேரம், 2,500 என்றால் இரண்டு மணிநேரம். "பெரிய பல்பாகப் போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். 800 லூமன் (பல்ப் மொத்தமாக உமிழும் ஒளியின் அளவு) எல்.இ.டி. பல்ப் அரை மீட்டர் தூரத்தில் தருவது சுமார் 250 லக்ஸ். 10,000 லக்ஸுக்கு அப்படி நாற்பது பல்புகள் வேண்டும். பலகையில் வரிசையாக ஹோல்டர் அடித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சூடு, கண்கூச்சம், ஒயரிங் மூன்றையும் யோசித்தால் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாங்கும்போது ஏமாற்றுகிற இடம் தூரம்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் "10,000 லக்ஸ்" என்றிருக்கும், உள்ளே பொடி எழுத்தில் "15 செ.மீ. தூரத்தில்" என்றிருக்கும். மூக்குக்கு முன்னால் 15 சென்டிமீட்டரில் விளக்கை வைத்துக்கொண்டு யாராவது கஞ்சி குடிக்க முடியுமா? அதே சின்ன விளக்கை அரை மீட்டருக்குத் தள்ளினால் ஆயிரத்துச் சொச்சம் லக்ஸ்தான் மிஞ்சும். ஆகவே 30 செ.மீ.க்குக் குறையாத தூரத்தில், முடிந்தால் 40-50 செ.மீ.யில், 10,000 லக்ஸ் தருவதாகத் தூரத்தோடு எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள். ஒளி வரும் முகப்பு கிட்டத்தட்ட 30 செ.மீ.க்கு 40 செ.மீ. இருந்தால் நல்லது. சிறியதாக இருந்தால் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே அளவு சரிந்துவிடும். புற ஊதாவை வடிகட்டியது என்று எழுதியிருக்க வேண்டும். வெள்ளை ஒளி போதும். நீல விளக்கு, "முழு நிறமாலை" என்பதற்கெல்லாம் கூடுதல் பணம் தர வேண்டாம். ஒளி மஞ்சளா நீலமா என்று சொல்லும் நிறவெப்பம் 4,000 கெல்வினா 6,500 கெல்வினா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, கண் இருக்கும் இடத்தில் போனின் முன்பக்கத்தை விளக்கைப் பார்த்துப் பிடித்தால் தோராயமாகத் தெரியும். எண்ணை அப்படியே நம்பாதீர்கள், போனுக்குப் போன் மாறும். பத்து சென்டிமீட்டர் தள்ளினால் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கத்தான் அது.

விளக்கை நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், கடிகார முள் பத்திலோ இரண்டிலோ நிற்கும் திசையில் வையுங்கள். மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்று மேலே, முகப்பு லேசாகக் கீழே சாய்ந்து இருக்கட்டும். முறைத்துப் பார்க்க வேண்டாம். சாப்பிடலாம், படிக்கலாம், லேப்டாப் பார்க்கலாம். கண் திறந்திருக்க வேண்டும், முகம் விளக்குப் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவே. போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே அரை மணிநேரம் ஓட்டினால் ஒளி உச்சந்தலையில் விழும், கண்ணில் விழாது. பவர் கண்ணாடி தடையில்லை. நீல ஒளியை வெட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். எழுந்த ஒரு மணிநேரத்துக்குள், தினமும் ஒரே நேரத்தில். சாயங்காலம் வேலை முடிந்து வந்து போட்டால் ராத்திரி தூக்கம் கெடும். இன்னொரு சிக்கல், லீவில் மதியம் 12 மணிக்கு எழுகிற பழக்கமுள்ளவர்களுக்கு: திடீரென்று காலை 6 மணிக்கு அலாரம் வைத்து விளக்கின் முன் உட்கார்ந்தால் உடம்புக்கு அது இன்னும் நடுநிசி. அந்த வேளையில் விழும் ஒளி கடிகாரத்தை முன்னே நகர்த்தாமல் பின்னேதான் தள்ளும். வழக்கமாக எழும் நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். வேர்ஹவுஸில் நைட் ஷிப்ட் முடித்துக் காலை 7-க்கு வீடு திரும்புகிறவர் அப்போது விளக்கைப் போடவே கூடாது.

ஒரு வாரத்தில் சுறுசுறுப்பு கூடுவது தெரியவேண்டும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் 45 அல்லது 60 நிமிடமாக்குங்கள். முதல் சில நாட்களில் தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் வந்தால் 15 நிமிடமாகக் குறைத்தோ விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தோ மெதுவாக ஏற்றுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்தால் நேரத்தைக் குறைக்கலாம், அல்லது காலையில் கொஞ்சம் தள்ளிப் போடலாம். பேச்சு வேகமெடுப்பது, தூக்கமே வேண்டாமென்று தோன்றுவது, கண்டபடி செலவு செய்வது என்று ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஆகவே பைபோலார் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்கள், குடும்பத்தில் அது இருப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், மாக்குலா சிதைவு (விழித்திரையின் மையப் பகுதி கெடுவது) உள்ளவர்கள் முதலில் கண் டாக்டரிடம் போங்கள். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின், இதயத்துடிப்புக்கு அமியோடரோன், கடையில் வாங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரை, இவையெல்லாம் தோலையோ கண்ணையோ ஒளி எளிதில் பாதிக்கும்படி செய்யக்கூடியவை. சாப்பிடுகிறீர்கள் என்றால் ஃபார்மசிஸ்டிடம் கேளுங்கள்.

"மாத்திரை இருக்க விளக்கு எதற்கு?" என்று ஒருவர் வருவார். கனடாவின் நான்கு மையங்களில் ரேமண்ட் லாம் குழு 96 பேரை வைத்து எட்டு வாரம் ஒப்பிட்டது, 2006-இல் வெளியானது. 10,000 லக்ஸ் விளக்குக்கும் ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை 20 மி.கி.க்கும் பலன் ஒரே அளவு, இரு பக்கமும் 67 சதவீதம் பேருக்கு. மாத்திரையை விடச் சொல்லவில்லை, ஏற்கெனவே எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. "வெளியே நடந்தால் போதாதா?" என்பவர் அடுத்து வருவார். போதலாம், காலையில் ஒரு மணிநேரம் நடப்பீர்களானால். மைனஸ் 15-இல் எத்தனை நாள் நடப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். மூன்றாமவர் விட்டமின் டி என்பார். இந்த விளக்கு விட்டமின் டி தராது, தரவும் கூடாது, அதற்கு வேண்டிய புற ஊதாவைத்தான் வடிகட்டியிருக்கிறார்களே. அது தனிக் கணக்கு, ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையாகப் போடுங்கள்.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருமானால் விளக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். கனடா முழுக்க 9-8-8 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் அப்படி. கோடைநேரத்தை, அதாவது கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே வைக்கும் ஏற்பாட்டை, வருடம் முழுக்க வைத்துக்கொள்ள ஒன்டாரியோ 2020-இலேயே சட்டம் போட்டு வைத்திருக்கிறது, நியூயார்க்கும் கியூபெக்கும் சேர்ந்தால் அமலுக்கு வரும் என்று. சாயங்காலம் வெளிச்சம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் குஷி. அப்படியானால் ஜனவரி தொடக்கத்தில் இங்கே சூரியன் எழ 8.50 ஆகும். கும்மிருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நிரந்தரமாக்குவதானால் குளிர்கால நேரத்தை நிரந்தரமாக்குங்களேன்!

உங்களுக்கு இதில் உடனடி விஷயம் ஒன்று உண்டு. மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் ஒரு மணிநேரம் முன்னே போகும், சூர்யோதயம் மறுபடி 7.30-க்கு மேல் தள்ளிப்போகும். பனி உருகுகிறதே என்று அந்த வாரம் விளக்கை மூட்டை கட்டினால் சில நாளிலேயே பழைய அலுப்பு திரும்பும். ஏப்ரல் நடுப்பகுதிவரை ஓட்டிவிட்டு, பத்து நாளில் 20, 10 நிமிடமென்று குறைத்து நிறுத்துங்கள். அடுத்த வருடம் அக்டோபர் கடைசிக்குக் காத்திருக்காமல் செப்டம்பர் இறுதியிலேயே எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள்.