விளையாட்டு கேள்வி–பதில்: பயிற்சி ஆட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஐயா, 2023 ரக்பி உலகக் கோப்பைக்கு இரண்டு வாரம் முன்னால் லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 35–7 என்று நொறுக்கியது. ‘நியூசிலாந்து கதை முடிந்தது’ என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். அவர்களோ இறுதி ஆட்டம் வரை வந்து, அதே தென்னாப்பிரிக்காவிடம் 12–11 என்று ஒரே புள்ளியில்தான் தோற்றார்கள். பயிற்சி ஆட்டத்தை வைத்துக் கணிப்பதே வீண் வேலையா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: வீண் இல்லை தம்பி. அதுவரை நியூசிலாந்து சரித்திரத்திலேயே மிகப் பெரிய தோல்வி அது. எல்லார் கண்ணும் ஸ்கோரில்தான் போகும். ஆனால் அன்று முதல் பாதி முடிவதற்குள் நியூசிலாந்தின் ஸ்காட் பாரெட் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். மீதி ஆட்டம் முழுக்கப் பதினைந்துக்குப் பதில் பதினாலு பேர். அந்த ஸ்கோரை வைத்து எதை அளப்பது?

நான் கவனித்தது தென்னாப்பிரிக்காவின் மாற்று வீரர் பட்டியலை. எட்டு பேரில் ஐந்து ஃபார்வர்டு (முன்னால் நின்று முட்டித் தள்ளும் ஆட்கள்), மூன்று பேக் (பின்னால் நின்று பந்தோடு ஓடும் ஆட்கள்) என்பதுதான் வழக்கம். அன்று கடைசி நேரத்தில் வில்லி லெ ரூ விலகியதும், அந்த இடத்துக்கு இன்னொரு பேக்கைத் தேடாமல் குவாகா ஸ்மித் என்ற ஃபார்வர்டைச் சேர்த்தார்கள். ஏழு ஃபார்வர்டு, ஒரே ஒரு பேக்! பிற்பாதியில் ஸ்க்ரமுக்கு, அதாவது இரு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்துத் தள்ளிக்கொள்ளும் மோதலுக்கு, புதுத் தோள்களாக இறக்கிக்கொண்டே இருக்கும் திட்டம் அது. உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு எதிராகவும், அப்புறம் இறுதி ஆட்டத்திலும் அதே ஏழுக்கு ஒன்று. பயிற்சி ஆட்டம் சொன்ன உருப்படியான சேதி அதுதான்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தபோது கபடிப் பையன்களை வலங்கைமான், பாபநாசம் பக்கம் ஃப்ரெண்ட்லி மேட்சுக்குக் கூட்டிப் போவேன். நல்ல ரெய்டரை உட்கார வைத்துவிடுவேன். அவன் எந்தப் பக்கம் கால் நீட்டுவான் என்பது எதிர் அணிக்குத் தெரியக் கூடாது. ஆனால் மூலையில் நிற்கும் பையனின் கணுக்கால் பிடி லூசாக இருந்தால் அதை மறைக்க வழியே கிடையாது. ரக்பியிலும் தந்திரத்தை ஒளிக்கலாம். பிடியையும் தள்ளும் பலத்தையும் ஒளிக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– ஜவுளிக் கடை ஊழியர், கும்பகோணம்

பதில்: முதலில் ஸ்க்ரம். எட்டு பேரும் தோள் கோத்துக் குனிந்ததும், பந்தை விட்டுவிட்டு முன்வரிசையின் முதுகைப் பாருங்கள். ஒரே பக்கம் திரும்பத் திரும்பச் சரிந்து நடுவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தால் அங்கே கோளாறு இருக்கிறது. அடுத்து லைன் அவுட், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைத் திரும்ப உள்ளே எறிவது: தாங்கள் எறியும் பந்தைத் தாங்களே பிடிக்கிறார்களா? 2019 ஆகஸ்டில் அயர்லாந்து இங்கிலாந்திடம் 57–15 என்று தோற்றபோது லைன் அவுட் தடுமாறியது. அதற்குப் பிறகு வேல்ஸை வென்று தரவரிசையில் முதலிடத்துக்கே போனார்கள், கவலை மறந்துபோயிற்று. உலகக் கோப்பையில் ஜப்பானிடம் 19–12 தோல்வி, கால் இறுதியில் நியூசிலாந்திடம் 46–14. முதலிடத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுவே காரணம்.

ஒரே ஆட்டம் ஒரு அணியைப் பற்றி உண்மையும் மற்றதைப் பற்றி பொய்யும் சொல்வதுண்டு. 2023-ல் ஃபிஜி ட்விக்கன்ஹாமிலேயே இங்கிலாந்தை 30–22 என்று வென்றது. ஃபிஜி வலுவான அணி என்பது உண்மை. ஆஸ்திரேலியாவையும் 22–15 என்று சாய்த்தார்கள். ஆனால் ‘இங்கிலாந்து அவ்வளவுதான்’ என்றவர்கள் ஏமாந்தார்கள். கால் இறுதியில் அதே ஃபிஜியை 30–24 என்று வென்று, அரை இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் ஒரே புள்ளியில்தான் விழுந்தது இங்கிலாந்து.

கேள்வி: பயிற்சி ஆட்டத்திலேயே முக்கிய வீரருக்கு அடிபட்டால்? என் மகன் ரக்பி ஆடுகிறான், அதனால் கேட்கிறேன்.
– இல்லத்தரசி, திருவாரூர்

பதில்: அடிபடும் அம்மா, அதைத் தவிர்க்க முடியாது. பிரான்சின் ரோமன் நத்தமாக் 2023 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துடன் ஆடிய ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து, சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையையே இழந்தார். பிரான்ஸ் கால் இறுதியில் 29–28 என்று தோற்றது. அவர் இருந்திருந்தால் என்று இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. அதற்காகப் பயிற்சி ஆட்டமே வேண்டாம் என்று வைக்கவும் கூடாது. மோதிப் பழகாத உடம்போடு நேரே பெரிய போட்டியில் இறங்குவது அதைவிட ஆபத்து. உங்கள் மகனுக்குப் போட்டிக்கு முன்னால் இரண்டு மூன்று ஆட்டமாவது கொடுக்கச் சொல்லுங்கள். முழு நேரமும் வேண்டாம், ஒவ்வொன்றிலும் பாதி நேரம் போதும்.