கறுப்புக் குட்டிப் பல்லியைத் தொட்டால் கண் போகுமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "பள்ளி விடுமுறைக்குக் கலஹாரி போயிருந்தோம். ட்வீ ரிவியரன் முகாமில், கன்னங்கரேலென்று வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு குட்டிப் பல்லி முதுகைக் கூனிக்கொண்டு நடந்தது. மகன் பிடிக்கப் போனான். பக்கத்துக் கூடாரத்துக்காரர், 'தொடாதே, கண்ணில் பீய்ச்சும்' என்று தடுத்துவிட்டார். அது விஷப் பல்லியா?"

இல்லை, துளியும் விஷம் கிடையாது. அரணை கடித்தால் மரணம் என்று பாட்டிமார் சொல்வார்கள். அரணைக்கே அது வீண்பழிதான். நீங்கள் பார்த்தது புஷ்வெல்ட் லிசர்ட் என்ற பல்லி இனத்தின் குட்டி. ஆனால் தடுத்தவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஊக்பிஸ்டர் என்ற கறுப்பு வண்டு உண்டு. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அந்தப் பெயருக்குக் கண்ணில் மூத்திரம் பெய்வது என்று பொருள். பீய்ச்சுவது பார்மிக் அமிலம், எறும்பிடம் இருக்கும் அதே அமிலம்.

தன்னைத் தின்ன வருவதை ஏமாற்ற, பல்லிக்குட்டி அந்த வண்டு மாதிரி வேஷம் போடுகிறது. பல்லி நடந்தால் உடம்பு இடமும் வலமும் நெளியும். இது காலை விறைத்து, முதுகை வளைத்து, நெளியாமல் நடக்கும். வண்டுக்கு வால் இல்லையே, என்ன செய்வது? வால் மட்டும் செம்மணல் நிறம்; மணலோடு மணலாக மறைந்துவிடும். எனக்கு வியப்பு அடங்காத இடம் இதுதான். துரத்தினால் வேஷத்தை விட்டுவிட்டுச் சாதாரணப் பல்லியாக ஓட்டம் பிடிக்கும். வால் நீங்கலாக உடம்பு 45, 50 மில்லிமீட்டர் வளர்ந்ததும் கறுப்பும் போய்விடும், கூனலும் போய்விடும். மணல் நிறத்துக்கு மாறிக் கறையான் தின்று திரியும். ரேமண்ட் ஹியூயி, எரிக் பியாங்கா என்ற பல்லி ஆராய்ச்சியாளர்கள் 1977இல் இதை எழுதினார்கள். அங்குள்ள மற்றப் பல்லி இனங்களைவிட இந்தக் குட்டிகளிடம் வால் அறுந்தவை, அதாவது எதிரியிடம் சிக்கித் தப்பியவை, குறைவு என்று கண்டார்கள். வேஷம் பலிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சரி, மகனுக்கு என்ன சொல்வது? நின்ற இடத்திலிருந்தே கால்களை எண்ணச் சொல்லுங்கள். நாலு காலும் வாலும் இருந்தால் பல்லி. ஆறு கால், முன்னால் இரண்டு உணர்கொம்பு என்றால் வண்டு. எதுவானாலும் கையில் எடுக்க வேண்டாம். குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகவும் வேண்டாம். அப்படியும் வண்டின் அமிலம் கண்ணில் பட்டுவிட்டால் கசக்கக் கூடாது. உடனே சுத்தமான தண்ணீரால் 15, 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். அப்புறம் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அந்த முகாமிலிருந்து அப்பிங்டன் நகரம் சுமார் 250 கிலோமீட்டர். ஆகவே கண் கழுவவென்று, குடிக்கிற தண்ணீர் போக இரண்டு பாட்டில் தனியாக எடுத்துப் போங்கள்.