வீட்டிலேயே டேகேர்: ஆறு என்றால் எத்தனை?

வணக்கம். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு எச்-4 விசா, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது. வேலை செய்வதற்கான அனுமதி அட்டையும் இருக்கிறது. பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு நாலு. உரிமம் வாங்கி வீட்டிலேயே டேகேர் நடத்த ஆசை. தெரிந்த வட்டத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகள் நிறைய. ஆறு பேரைச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் கூடாது என்கிறார். ஜனவரியில் மாமியார் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் இருப்பார், கூடமாட ஒத்தாசை செய்வார். எங்கிருந்து தொடங்குவது?
வி.

அன்புள்ள வி.,

உங்கள் ஆறில் இரண்டு இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. சிறிய குடும்ப டேகேர் உரிமத்தில், அந்த வீட்டில் வசிக்கும் பத்து வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளைகளும் எண்ணிக்கையில் சேர்வார்கள். பையன் பள்ளி விட்டு வந்தபின் உங்களுக்கு மிஞ்சுவது நாலே இடம். கட்டணம், செலவு, வருமானம் எல்லாவற்றையும் அந்த நாலை வைத்துத் திரும்பப் போடுங்கள்.

அடுத்தது வயது. இரண்டு வயது நிரம்பாத எல்லாரும் சட்டப்படி கைக்குழந்தைதான். ஆறு பேர் இருக்கும் வீட்டில் மூன்று கைக்குழந்தைக்கு மேல் கூடாது. மூன்று பேரையும் சேர்க்கலாமே என்று தோன்றும். இரண்டோடு நிறுத்துங்கள் என்பேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தீ ஒத்திகை நடத்தித் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். அந்த நிமிடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்: இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூன்று வயதுப் பிள்ளை. நடக்கத் தெரியாத மூன்றாவது குழந்தையை யார் தூக்குவது?

எட்டு வரை போகலாமே என்று யாராவது சொல்வார்கள். உதவியாள் இல்லாமலே எட்டு வரை போகலாம்தான். ஆனால் ஒரு பிள்ளை மழலையர் வகுப்போ தொடக்கப்பள்ளியோ போக வேண்டும், இன்னொரு பிள்ளைக்கு ஆறு வயதாவது ஆகியிருக்க வேண்டும், கைக்குழந்தை இரண்டுக்கு மேல் கூடாது, எல்லாப் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

வீட்டுக்காரருக்கு இருக்கும் பிடி இந்த ஒரு இடத்தில்தான். ஆறு பேர் வரை அவர் தடுக்க முடியாது. 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ள எஸ்பி 234 சட்டம், உரிமம் பெற்ற குடும்ப டேகேரைக் குடியிருப்புப் பயன்பாடாகவே கருதச் சொல்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் ‘தொழில் கூடாது’ என்ற வரி இருந்தாலும் இதற்குச் செல்லாது. நீங்கள் செய்ய வேண்டியது, தொடங்குவதற்கு 30 நாள் முன்பே அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது. அவர் கூடுதல் முன்பணம் கேட்கலாம், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. வாய்ச்சண்டை வேண்டாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எல்லாரும் ‘லைவ் ஸ்கேன்’ கைரேகைச் சோதனையில் தேற வேண்டும், காசநோய் இல்லை என்ற சான்றும் தர வேண்டும். ஆறு மாதம் தங்குபவரை ‘விருந்தாளி’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். சோதனைக்கு வரும் அதிகாரி சமையலறையில் அவரைப் பார்த்தால், நாளுக்கு 100 டாலர் என அபராதம் விழலாம். வந்திறங்கியதும் கைரேகை கொடுக்க வைத்துவிடுங்கள். இன்னொன்று, சுற்றுலா விசாவில் வருபவர் உங்கள் தொழிலில் வேலை செய்யக் கூடாது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், டேகேர் குழந்தைகளை அவர் பொறுப்பில் விடாதீர்கள். டேகேர் நடக்கும் நேரத்தில் 80 சதவீதம் நீங்களே வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் விதி. பத்து மணி நேரம் திறந்திருந்தால் வெளியே போக இரண்டு மணி நேரம்தான், அப்போதும் தகுதியுள்ள வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

உங்கள் அனுமதி அட்டையின் கடைசித் தேதியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை செல்லாத நாளில் கட்டணம் வாங்கிக் குழந்தை பார்த்தால் அது அனுமதியில்லாத வேலை. உரிமம் கையில் இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது.

நடைமுறை சுலபம்தான். மாநில சமூக சேவைத் துறையின் உரிமப் பிரிவு நடத்தும் அறிமுக வகுப்பை முதலில் முடியுங்கள். பிறகு 16 மணி நேரப் பயிற்சி: குழந்தைகளுக்கான முதலுதவி, சிபிஆர் (மூச்சோ இதயமோ நின்றால் செய்யும் உயிர்காப்பு முறை), நோய்த்தடுப்பு, சத்துணவு. அலுவலகத்தில் பெரியவர்களுக்காகத் தரும் சிபிஆர் அட்டை இங்கே செல்லாது. குழந்தைகளுக்கானதா, மாநில அவசர மருத்துவ ஆணையம் ஏற்றதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தட்டம்மை, கக்குவான் தடுப்பூசிச் சான்றும் தயாராக இருக்கட்டும். விண்ணப்பக் கட்டணம் 73 டாலர். உரிமம் உங்கள் பெயருக்கும் இந்த முகவரிக்கும் சேர்த்துத் தருவது, வீடு மாறினால் புதிதாக வாங்க வேண்டும். அதனால் வாடகை ஒப்பந்தம் முடியப்போகும் தறுவாயில் விண்ணப்பிக்காதீர்கள். உரிமம் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. சொந்தப் பிள்ளைகளோடு ஒரே ஒரு குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. இரண்டாவது குடும்பம் சேர்ந்தால்தான் குற்றம்.

சோதனை நாளில் வீட்டின் அழகை யாரும் பார்ப்பதில்லை. 2ஏ-10பிசி என்று தரக்குறியீடு போட்ட தீயணைப்பான், புகை எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு கருவி, ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் இருப்பதால் மாடிப்படிக்குத் தடுப்பு, கணப்புக்கு மறைப்பு, பூட்டி வைத்த நச்சுப்பொருள்கள். மாமியாரின் மாத்திரை டப்பா கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் இருக்கக் கூடாது. சக்கரம் வைத்த பேபி வாக்கர் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது, பரணில் கிடந்தாலும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தைக்கு அடிபட்டால் ஈடு தரும் பொறுப்புக் காப்பீடு ஒரு சம்பவத்துக்கு 1,00,000 டாலர், ஆண்டுக்கு மொத்தம் 3,00,000 டாலர். காப்பீடு எடுக்காமல் பெற்றோரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதை நாடாதீர்கள், ஒரு எலும்பு முறிவு உங்கள் சேமிப்பைக் கரைத்துவிடும். வருமான வரிக்கு முதல் நாளிலிருந்தே மணிக்கணக்கு எழுதுங்கள். 1,500 சதுர அடி வீட்டில் 900 சதுர அடியைப் புழங்கினால் 60 சதவீதம். நாளுக்கு 11 மணி நேரம், 250 நாள் என்றால் ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 2,750. இரண்டையும் பெருக்கினால் வாடகையிலும் மின்கட்டணத்திலும் சுமார் 19 சதவீதம் தொழில் செலவு. குழந்தைகள் போனபின் பெருக்கித் துடைக்கும் நேரமும் இதில் சேரும், பலர் அதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாகத் தூக்கம். உங்களிடம் வரப்போவது நம்மூர்க் குழந்தைகள், ‘தூளி இல்லாமல் தூங்க மாட்டான்’ என்று அம்மாக்கள் சொல்வார்கள். டேகேரில் தூளி கட்டக் கூடாது. ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் தனித் தொட்டில்கட்டில், அழுத்தமான மெத்தை, இழுத்துக் கட்டிய ஒரே விரிப்பு. தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம், துணியில் சுற்றிப் படுக்கவைப்பதும் கூடாது. ஒரு வயது வரை மல்லாக்காகத்தான் கிடத்த வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து எழுத வேண்டும்: மூச்சுத் திணறுகிறதா, முகம் சிவந்திருக்கிறதா, உடம்பு சுடுகிறதா. மாலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய தாள் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அட்டையையும் பேனாவையும் குழந்தைக்கு எட்டாமல், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூளிக்குப் பழகிய குழந்தை மல்லாந்து படுக்க முதல் வாரம் கண்டிப்பாக அழும். சேர்க்கும்போதே பெற்றோரிடம் இதைச் சொல்லி, வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டில் பகல் தூக்கத்தைக் கட்டிலில் பழக்கச் சொல்லுங்கள்.