அணைத்த கம்ப்யூட்டர் கரண்டு தின்னுமா?

கேள்வி: கீழக்கரையில் எட்டு கம்ப்யூட்டர் வைத்துக் கடை நடத்துகிறேன். ஷட்டவுன் செய்த ஒரு சிபியுவின் ஒற்றை ஒயரை, கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பத்துச் சுற்று சுற்றிப் பார்த்தேன். 0.6 ஆம்பியர். பத்தால் வகுத்து 230ஆல் பெருக்கினால் 14 வாட் வருகிறது. இவ்வளவா, அண்ணே?

பதில்: பத்துச் சுற்று கெட்டிக்கார வேலை, தம்பி. ஆனால் அந்த 14, வாட் அல்ல; வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கிய வோல்ட்-ஆம்பியர். பவர் சப்ளையின் வாசலில் உள்ள கெப்பாசிட்டர், அலை கரையேறி இறங்குகிற மாதிரி கரண்டை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும். யூனிட் கணக்கில் அது ஏறாது. நிஜமாகச் செலவாவது, பவர் பட்டனுக்காகக் காத்திருக்கும், பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஊதா ஒயரின் 5 வோல்ட்டுக்குத்தான்.

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வாங்குங்கள். மலிவான மீட்டர் ரெண்டு மூணு வாட்டில் தடுமாறும். அதனால் பாம்பனில் என் பட்டறையில் பழைய ஜீரோ வாட் குண்டு பல்பைத் துணைக்கு வைப்பேன். (பெயர்தான் ஜீரோ!) பல்பு மட்டும் 14.2, சிபியுவும் சேர்ந்தால் 17.1. வித்தியாசம் 2.9 வாட். வோல்டேஜ் ஆடாத நேரமாகப் பார்த்து அளக்க வேண்டும்.

நாள் முழுக்க அப்படியே கிடந்தால் வருடத்துக்கு 25 யூனிட், எட்டுக்கும் 200. ராத்திரி சுவர் சுவிட்சை அணையுங்கள். மதர்போர்டிலுள்ள காசு மாதிரியான பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். நம்ம உப்புக்காற்றில் சாக்கெட் பின் களிம்பேறியிருக்கும், அதையும் துடைத்துவிடுங்கள், மெயினை அணைத்துவிட்டு.