கேமரா கேள்விகள்: தேரூர் குளமும் தோள்வலியும்

(நாகர்கோவில் பக்கம் 22 வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவரின் பதில்கள்)

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. தினமும் காலையில் தேரூர் குளத்துப் பக்கம் நடப்பேன். பறவைகளைப் படம் எடுக்க ஆசை. கேனான் ஆர்50, நிக்கான் இசட்50-2, சோனி ஏ6700: எதில் ஆட்டோஃபோகஸ் நன்றாக இருக்கும்? தோள்வலி உண்டு, கனம் ஆகாது.
– வாசகி, சுசீந்திரம்

டீச்சர், மூன்றுமே பறவையை அடையாளம் கண்டு கண்ணில் ஃபோகஸ் வைக்கும். அசையாமல் நிற்கும் சங்குவளை நாரைக்கு மூன்றும் ஒன்றுதான். மீசை ஆலா தண்ணீருக்கு மேல் வெட்டி வெட்டித் திரும்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதில் ஏ6700-க்கே என் ஓட்டு, இசட்50-2 அடுத்தது. ஆர்50-யும் பிடிக்கும், ஆனால் பட்டனை விடாமல் அழுத்தினால் சீக்கிரம் மூச்சு வாங்கி வேகம் குறையும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத பெரிய ஃபைல்) எடுத்தால் இன்னும் சீக்கிரம்.

இனி கனம். பேட்டரி, கார்டோடு ஆர்50 375 கிராம், ஏ6700 493, இசட்50-2 550. கடையில் இந்த எண்ணைச் சொல்லித்தான் மயக்குவார்கள். உங்கள் தோளில் தொங்கப்போவது லென்ஸ். சோனியின் 200-600 எம்எம் லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவைத் தாண்டும். அதை மாட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றினால் மறுநாள் நடையே இருக்காது. நிக்கானின் 50-250 வெறும் 405 கிராம், ஆனால் தேரூருக்கு எட்டாது. நாம் எந்தக் கரையில் நிற்கிறோமோ அதற்கு எதிர்க்கரையில்தானே பறவை இறங்கும்!

ஆர்50-யில் கேனான் 100-400 லென்ஸ் மாட்டினால் மொத்தம் ஒரு கிலோ சொச்சம். படம் பதியும் சென்சார் சின்னது என்பதால் 400 என்பது 640 போலக் கிட்டத்தில் காட்டும். ஏ6700-யில் 70-350 போட்டாலும் கனம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பாடி மட்டுமே ஒரு லட்சத்தை நன்றாகத் தாண்டும். ஆர்50 கூடவே வரும் கிட் லென்ஸோடு சேர்த்தே லட்சத்துக்குள் அடங்கும். மிச்சக் காசை 100-400-க்கு வையுங்கள்.

ஒரு குறை: அந்த லென்ஸ் 400-ல் எஃப்8 தான், அதாவது வெளிச்சத்தைக் குறைவாகத்தான் உள்ளே விடும். ஆறு மணி இருட்டில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வரும். புட்டும் பயறும் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குப் போங்கள்.

அண்ணன் தந்த நிக்கான் டி7200, 18-140 ஏஎஃப்-எஸ், 50 எம்எம் 1.8டி லென்ஸ்கள் இருக்கின்றன. இசட்50-2 வாங்கி எஃப்டிஇசட் அடாப்டர் (பழைய நிக்கான் லென்ஸை இசட் கேமராவில் மாட்டும் வளையம்) போட்டால் இரண்டு லென்ஸும் ஓடுமா?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பாதிதான் ஓடும் தம்பி. 18-140-க்குள் மோட்டார் இருக்கிறது, அது ஃபோகஸ் பண்ணும். 50 எம்எம் டி-யைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்: உலோக வளையத்தில் திருகுத்தலை மாதிரி சின்னப் பள்ளம் இருக்கும். டி7200-க்குள் இருக்கும் மோட்டார் அதில் செருகித்தான் லென்ஸைத் திருப்புகிறது. அடாப்டரில் மோட்டார் கிடையாது. கையால்தான் திருப்ப வேண்டும். கடையில் "எல்லாம் ஓடும் மக்கா" என்பார்கள். அங்கேயே மாட்டி, பட்டனைப் பாதி அழுத்திப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

சர்ச்சில் மணப்பெண் நடந்து வரும்போது என் புது மிரர்லெஸ் வேறு முகத்துக்குத் தாவுகிறது. பழைய டிஎஸ்எல்ஆர் இப்படிச் செய்ததில்லை. பழுதா?
– புகைப்படக்காரர், குளச்சல்

பழுதில்லை. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே கிடக்கும். அதன் புள்ளிகள் படத்தின் நடுவில்தான் கூடி நிற்கும், ஓரத்தில் யார் நின்றாலும் அதற்குத் தெரியாது. மிரர்லெஸில் அந்தக் கண்ணாடி கிடையாது; படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் மூலை முடுக்கெல்லாம் தெரியும். தெரிகிற முகமெல்லாம் அதற்கு முகம்தான்.

நான் மாறிய புதிதில் ஒரு பெண் அப்பா கையைப் பிடித்து வந்துகொண்டிருந்தாள். ஒரு மாமா பெஞ்சிலிருந்து எட்டி போனை நீட்டினார். சவம், பதினோரு படத்திலும் மாமாவின் காது மட்டும் பளிச்சென்று இருந்தது. பெண் புகை மாதிரி. ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்தவர் மாமா ஒருவர்தான்.

அதிலிருந்து முழு ஸ்கிரீன் ஃபோகஸை விட்டுவிட்டேன். நடுவில் ஒரு சின்னக் கட்டம் வைத்து, முகம் தேடுவது அதற்குள் மட்டும் நடக்குமாறு அமைத்திருக்கிறேன். பெண் வாசலில் நிற்கும்போதே ஸ்கிரீனில் அவள் முகத்தைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் விடாது. ஆனாலும் மாமாக்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கன்னியாகுமரி கடற்கரையில் லென்ஸ் மாற்றலாமா?
– வாசகர், தக்கலை

வேண்டாம். மிரர்லெஸில் லென்ஸைக் கழற்றினால் பல மாடல்களில் சென்சார் அப்படியே வெளியே தெரியும், மறைக்கக் கண்ணாடி கிடையாது. முக்கடல் காற்றில் மணலும் உப்பும் நேரே அதில் போய் ஒட்டும். காருக்குள் மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரம் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்துவிட்டு, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நம் ஊரில் இரண்டு மழைக்காலம். தோல் பைக்குள் போட்டு மறந்த என் பழைய 85 எம்எம்மில் இப்போது பூஞ்சை சிலந்திவலை மாதிரி படர்ந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அழகாகத்தான் இருக்கிறது.