கில் என்றால் தேவாலயமா, காடா?

வணக்கம். அயர்லாந்துச் சிற்றூர்ப் பெயர்களைப் பற்றிப் படித்துவருகிறேன். கில், பாலி, லிஸ் என்று தொடங்குபவை ஏராளம். ஒவ்வொன்றுக்கும் துறவி, தேவதை, சித்தம் கலங்கிய இளவரசன் என்று ஒரு கதை. எதை நம்புவது? பொருளை எப்படிச் சரிபார்ப்பது?
வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கதையைக் கடைசியில் தொடுங்கள். முதலில் பெயரின் ஐரிஷ் வடிவம் வேண்டும். ஐரிஷ் பெயர்கள் ஆங்கில எழுத்துக்குள் அடைபட்டபோது, தேவாலயத்துக்கான சொல்லும் காட்டுக்கான சொல்லும் ‘கில்’ ஆகிவிட்டன. டப்ளின் பக்கத்துக் கில்னமனா துறவிகளின் தேவாலயம். டிப்பரரியின் கில்னமனா துறவிகளின் காடு. பின்பாதியில் மரம் வந்தால் காடு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்: கில்டேர், ஓக் மரத் தேவாலயம். ‘பாலி’ பெரும்பாலும் ஊர்தான். ஆனால் டோனிகாலின் பாலிஷானனில் அது ஆற்றுத்துறையின் வாய். ஊர் எர்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஷானன் நதிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

லொகனிம் இணையத் தரவுதளத்தில் ஊரைத் தேடினால் ஐரிஷ் வடிவமும், பல ஊர்களுக்குப் பழைய எழுத்துவடிவங்களும் கிடைக்கும். 1650களின் நில அளவைப் பதிவையும், 1830களில் ஐரிஷ் மொழி அறிஞர் ஜான் ஓ’டோனவன் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு எழுதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒற்றைப் பதிவை நம்ப வேண்டாம்; எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். உள்ளூர் உச்சரிப்பையும் கேளுங்கள். அழுத்தம் பெரும்பாலும் பின்பாதியில் விழும். அங்கேதான் துறவியின் பெயரோ மரமோ ஒளிந்திருக்கும்.

லிஸ், ராத் இரண்டும் வட்டமான மண்கரையும் அகழியும் சூழ்ந்த பழைய பண்ணை வீடுகள். பெரும்பாலானவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை, குறுக்களவு 20 முதல் 40 மீட்டர் வரை. குடியிருந்தவர்கள் மறைந்தபின் தேவதைகள் குடியேறினார்கள் என்பது நம்பிக்கை. பெயர் சொல்லப் பயந்து ‘நல்லவர்கள்’ என்பார்கள். கரையை உழக் கூடாது, அதன்மேல் நிற்கும் ஹாதார்ன் முள்மரத்தை வெட்டக் கூடாது. பெயருக்குக் காரணம் பண்ணைதான், தேவதை இல்லை. ஆனாலும் இத்தனை மண்கரைகள் கலப்பைக்குத் தப்பி நிற்பதில் அந்தப் பயத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆகவே கதையைத் தூக்கி எறியாதீர்கள்.

நீங்கள் சொல்லும் இளவரசன் கெர்ரியின் கிளென்னகால்ட் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். அங்கே பெயரும் கதையும் ஒத்துப்போகின்றன: பெயரே ‘பித்தர்களின் பள்ளத்தாக்கு’. அங்குள்ள கிணற்று நீரைக் குடித்து, அதில் முளைக்கும் வாட்டர்கிரெஸ் கீரையைத் தின்றால் சித்தம் தெளியும் என்று நம்பினார்கள்.

கதைகளுக்கு, 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டுகளைப் பாருங்கள்; தூஹஸ் என்ற இணையத் தளத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரில் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளியின் பெயரில் தேடுங்கள். வரைபடத்தில் ஏறாத வயல் பெயர்கள் பல அங்கேதான் சிக்கும்.