நிற்கும்போது மட்டும் ஏசி சூடாகிறது: காஸ் அடிக்க வேணுமா?

ஏ9 வீதியில் ஓடும்போது வான் நன்றாகக் குளிர்ந்து, கிளிநொச்சிச் சந்தையடியில் நிறுத்தினால் சூடான காற்று வருகிறது என்றால், முதலில் காஸைத் தொடாதீர்கள். ஓடும்போது எதிர்காற்றே கொண்டென்சரை (காஸின் சூட்டை வெளியே விடும், றேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் பகுதி) ஆற்றிவிடும். நிற்கும்போது பேன் மட்டும்தான்.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பொனற்றைத் திறந்து பாருங்கள். பேன் சுற்றவில்லையா? பியூஸ், ரிலே பார்த்துவிட்டு, பெற்றரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். அப்போது சுற்றினால் வயரிங்கில் பிழை. அசையாவிட்டால் மோட்டர் போய்விட்டது.

பேன் சுற்றியும் குளிரவில்லை என்றால் கொண்டென்சரில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் குளிர் திரும்பினால் அடைப்புத்தான். நம் கிரவல் வீதிகளின் செம்புழுதி றேடியேற்றருக்கும் கொண்டென்சருக்கும் இடையில் அப்பிக்கிடக்கும், முன்னால் பார்த்தால் தெரியாது. பின்பக்கமிருந்து முன்னோக்கிக் கழுவுங்கள். பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

அழுத்தம் அளக்கும் கேஜ் பூட்டினால், ஆர்134ஏ என்ற ஏசி காஸுக்கு 35 பாகை வெயிலில் உயர் அழுத்தம் 200–250 பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும். நிற்கும்போது 300ஐத் தாண்டினால் மேலே சொன்னதுதான், அல்லது யாரோ காஸைக் கூட அடித்திருக்கிறார்கள். உயர் அழுத்தம், தாழ் அழுத்தம் இரண்டு பக்கமும் குறைவென்றால் கசிவு. மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள்.

இங்கே ஹீட்டர் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் அதன் வால்வு முழுதாக மூடாவிட்டால் சுடுநீர் உள்ளே ஓடி, வருகிற குளிரையும் கெடுக்கும்.